சொட்ட வேண்டிய தண்ணீர்

"அக்கா, இது சொட்டும். பயப்படாதேங்கோ. சொட்டத்தான் வேணும்," என்றார் அன்ரன்.

"ஓம் தம்பி."

"தண்ணி சூடேறேக்கை வீங்கும். வீங்கிற தண்ணிக்குப் போக ஒரு வழி வேணும். அதுதான் இந்த வால்வு. இந்தக் குழாயாலை சொட்டி, கீழை இருக்கிற புனலுக்குள்ளை விழுந்து, கழிவுக்குப் போகும். குழாய்க்கும் புனலுக்கும் நடுவிலை இரண்டு விரல் இடைவெளி விட்டிருக்கிறன், பாத்தனீங்களே? சொட்டுறது கண்ணுக்குத் தெரிய வேணும்."

"ஓம், ஓம்."

"மாசத்துக்கு ஒருக்கா இந்தச் சிவப்புத் திருகியைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கோ. தண்ணி ஓடினால் வால்வு சுகமாய் இருக்கு எண்டு அர்த்தம். திருப்பேக்கை குழாயடியிலை கை வைக்காதேங்கோ, சுடக்கூடும். என்ன நடந்தாலும் குழாயை மட்டும் அடைக்கக் கூடாது. குக்கர் விசிலை ஆராவது அமத்திப் பிடிப்பினமே?"

"சீ, ஆர் பிடிக்கிறது!" என்று நான் சிரித்தேன்.

கொலோனில் எங்கள் வீட்டுக் குளியலறையில், செப்டெம்பர் மாதம் நடந்த பேச்சு இது. பழைய பொயிலர் இருபத்திரண்டு வருடம் உழைத்துச் செத்துப்போயிற்று. வீட்டு நிர்வாகம் ஒரு நிறுவனத்துக்குச் சொல்ல, நிறுவனம் புதியது பூட்ட அன்ரனை அனுப்பியது. எங்களோடு தமிழ்ப் பூசைக்கு வருகிற அதே அன்ரன்தான், மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை. அவருடைய மைஸ்ரர், அதாவது அங்கே வேலைக்கெல்லாம் பொறுப்பான பெரியவர், அன்றைக்குத்தான் முதன்முதலாக அவரைத் தனியே ஒரு வீட்டுக்கு விட்டிருந்தார்.

"இது சரிவந்தால் நவம்பரிலை இருந்து எனக்கு ஓடத் தனி வான் அக்கா. பதினொரு வருசமாய் மற்றவைக்குப் பின்னாலை சாமான் தூக்கினது காணும்."

கதவடியில் நின்ற, காது மந்தமான என் மனிதர் சூசைதாசனுக்கு இந்த ஒன்று மட்டும் காதில் விழுந்துவிட்டது. "தனி வானோ? அப்ப வாற வருசம் கெவெலார் மாதா கோவில் திருவிழாவுக்கு எங்களையும் ஏத்திக்கொண்டு போம்."

"ஓம் அண்ணை. பின்னுக்கு ரொய்லெற் கோப்பை இருக்கும். அதிலை இருந்து வருவியளோ?"

மூவரும் சிரித்தோம். அன்ரன் தேநீர் குடித்துவிட்டுப் போனார். அவர் போய் அரைமணியில் அது தொடங்கியது.

டக். டக். டக்.

"இஞ்சருங்கோ, கேக்குதோ?"

"என்ன?"

"சொட்டுது."

"எனக்கொண்டும் கேக்கேல்லை."

"உங்களுக்கு இடி விழுந்தாலும் கேக்காது."

இரண்டு கிழமையில் அந்தச் சத்தம் எனக்கும் பழகிவிட்டது. பழகிய சத்தம் பகையானது ஒக்ரோபரில்.

ஒக்ரோபர் எங்களுக்குச் செபமாலை மாதம். மாதா சுரூபம் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு வீட்டுக்குப் போகும். போன கிழமை வைத்திருந்தவர்கள் அடுத்த வீட்டுக்குக் கையில் ஏந்திக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். முப்பது பேர் வருவார்கள். செபமாலை, மன்றாட்டு, பிறகு தேத்தண்ணி, றோல்ஸ். முதல் சனி பிறேமா வீடு. இரண்டாவது நாங்கள். மூன்றாவது அன்ரன் வீடு.

பிறேமாவைப் பற்றி ஒரு சொல். நல்ல மனுசி, ஆனால் அவள் கண்ணில் பட்டது ஒரு கிழமைக்குள் கொலோன் முழுவதும் தெரிந்துவிடும். போன வருடம் ஒரு வீட்டைப் பற்றி, "மாதாவுக்குப் பக்கத்திலை கருவாட்டு மணம் அக்கா," என்று அவள் சொன்னதை இன்றைக்கும் ஆட்கள் அந்தக் குடும்பத்தின் அடையாளமாகச் சொல்கிறார்கள்.

எங்கள் வரவேற்பறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் குளியலறை. சனிக்கிழமை மத்தியானம், மாதாவை வைக்கப் போகிற மேசைக்கு முன்னால் முழங்காலில் நின்று ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லிப் பார்த்தேன். அது முடிவதற்குள் ஆறு டக். செபமாலையின் ஐம்பத்து மூன்று மந்திரத்துக்கு எத்தனை டக் என்று நினைக்கவே பிறேமாவின் வாய் என் கண்முன் அசைந்தது: "அக்காவின்ரை வீட்டிலை மாதாவுக்கே ஒழுக்கு."

மேசை லாச்சியில், ஆவணி மாதம் கெவெலாரில் ஏற்றி, மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த மெழுகுதிரித் துண்டு ஒன்று கிடந்தது. பெருவிரல் மொத்தம், நீலநிறம், பக்கத்தில் பொன்னெழுத்து. அதைப் பழைய படுக்கை விரிப்புத் துணியில் சுற்றி, குழாயின் வாய்க்குள் கீழிருந்து மேலாக இறுக்கி, சப்பாத்திக் கட்டையால் நாலு தட்டுத் தட்டினேன்.

"என்ன செய்யிறீர்?" இவர் கதவடியில் நின்றார்.

"ஒரு மணித்தியாலத்துக்கு."

"அடைக்க வேண்டாமெண்டெல்லோ அன்ரன் சொன்னவர்?"

"உங்களுக்குக் காது கேக்காதெண்டு சொல்லுறவை. உது மட்டும் நல்லாக் கேட்டிருக்கு! ஆக்கள் போகக் கழட்டிவிடுவன்."

முப்பது பேரின் கோப்பை கழுவச் சுடுதண்ணீர் வேண்டுமென்று, போகிற போக்கில் பொயிலரின் சூட்டையும் கடைசி இலக்கத்துக்குத் திருப்பிவிட்டேன்.

செபமாலை நடந்தது. இப்படி ஓர் அமைதி எங்கள் வீட்டில் என்றைக்குமே இருந்ததில்லை. முடிந்ததும் பிறேமா என் கையைப் பிடித்தாள். "அக்கா, உங்கட வீட்டிலை ஒரு அமைதி இருக்கு. எங்கட வீட்டிலை இல்லாத அமைதி."

மெழுகுதிரியை எடுக்க மறந்துபோனேன் என்று எழுதத்தான் கை போகிறது. மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை இரவல் தந்த கோப்பைத் தட்டுகளைத் திருப்பி எடுக்கப் பிறேமா வருவதாக இருந்தது. அவள் வந்து போகட்டும் என்று விட்டேன். அவள் வந்து போன பிறகும் அந்த அமைதி எனக்கு இனித்தது. நாளைக்கு எடுப்பம் என்று விட்டேன்.

திங்கட்கிழமை காலை மணி விடாமல் அடித்தது. கீழ்வீட்டுத் திருமதி, ஃபிரௌ ஹான்ஸ்கே, எண்பது வயது, வீட்டுச் சட்டையோடு, கையில் தண்ணீர் சொட்டும் துவாயோடு நின்றார்.

"ஃபிரௌ சூசைதாசன், என் குளியலறைக்குள் மழை பெய்கிறது! கூரைச் சுண்ணாம்பு கைகழுவும் தொட்டிக்குள் விழுந்துவிட்டது!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். குழாயின் வாயில் ஒரு துளி இல்லை. அதற்குப் பதிலாக அந்தச் சிவப்புத் திருகியின் கழுத்திலிருந்து தண்ணீர் மெல்லிய கோடாகக் கசிந்து, சுவரோடு இறங்கி, உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குப் பின்னால் தரைக்குள் போய்க்கொண்டிருந்தது. எத்தனை மணிநேரமாகவோ.

மெழுகுதிரியைப் பிடுங்கப் பார்த்தேன். சிக்கியிருந்தது. விரல் சுட்டது. விட்டுவிட்டேன்.

பத்துமணிக்கு மைஸ்ரரும் அன்ரனும் வந்தார்கள். மைஸ்ரர் உயரமான மனிதர். வணக்கம் சொல்லிவிட்டு ஃபிரௌ ஹான்ஸ்கேயின் கூரையைப் பார்க்கக் கீழே இறங்கினார். அன்ரன் முதலில் மின்சாரத்தை நிறுத்தினார். பிறகு குளிர்தண்ணீர் வருகிற குழாயைப் பூட்டினார். பிறகு சுடுதண்ணீர்ப் பைப்பைத் திறந்துவிட்டார். அது சீறிச் சீறி ஓய்ந்தது.

"அக்கா, தள்ளி நில்லுங்கோ. மிச்சம் வரக்கூடும், சுடும்."

ஒரு வாளியை வைத்து, தானும் பக்கவாட்டில் நின்றுகொண்டு, குனிந்து புனலடியில் ரோச் வெளிச்சத்தைப் பிடித்தார். அசையாமல் நின்றார். பிறகு நீண்ட மூக்குக் குறட்டால் மெதுவாகத் திருகித் திருகி இழுத்தார். துணி வந்தது. நீல மெழுகு வந்தது. அதன் பின்னால் ஆவிபறக்கும் தண்ணீர் ஒருமுறை வாளிக்குள் பாய்ந்து நின்றது.

பொன்னெழுத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

நான் தரை துடைக்கும் துணியைப் பார்த்தேன்.

படியில் மைஸ்ரரின் சப்பாத்துச் சத்தம் கேட்டது. அன்ரன் கையை மூடி, துணியையும் மெழுகையும் காற்சட்டைப் பைக்குள் போட்டார்.

"என்ன கண்டாய்?" என்று மைஸ்ரர் ஜெர்மன் மொழியில் கேட்டார்.

"என் ஃபேலர்," என்றார் அன்ரன். ஃபேலர் என்றால் பிழை. "தண்ணீர் போகிற வழியைச் சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டேன். அடைத்துப்போயிற்று."

"எதனால் அடைத்தது?"

"அழுக்கு."

மைஸ்ரர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நல்லது. "தனியாக விட்ட முதல் வேலை, அன்ரன்," என்றார். பிறகு, "வானைப் பற்றிப் பிறகு பேசுவோம்."

எனக்கு முப்பத்தாறு வருட ஜெர்மன். கதைக்கத் தடுமாறுவேன், கேட்டால் எல்லாம் விளங்கும். 'நான்தான்' என்பதற்கு அந்த மொழியில் மூன்று சொல் போதும். அந்த மூன்று சொல்லும் எனக்குத் தெரியும்.

"கோப்பி குடிக்கிறீர்களா?" என்று மைஸ்ரரைக் கேட்டேன்.

அவர் வேண்டாம் என்றார். அன்ரன் புது வால்வு பூட்டி, எல்லாவற்றையும் திறந்து, சிவப்புத் திருகியைத் திருப்பி ஓடவிட்டுப் பார்த்து, தரையையும் துடைத்துவிட்டுப் போனார்.

அவர்கள் இறங்கிய பிறகு இவர் கேட்டார், "நீர் சொன்னனீரோ?"

"இல்லை."

"ஏன்?"

"வீட்டு நிர்வாகம் எங்களை இஞ்சையிருந்து எழுப்பிவிட்டால்? இந்த வயதிலை எங்கை போறது?"

"அந்தப் பெடியன் எங்கை போறது?"

நான் சட்டி கழுவப் போனேன்.

மறுநாள் பிறேமா தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். "அக்கா, கீழ்வீட்டுக்குத் தண்ணி போச்சாமே?"

"ஓம் பிறேமா."

"என்னெண்டு?"

"புதுப் பொயிலர்தானே."

"ஆர் பூட்டினது?"

"அன்ரன்."

"அட! கோவிலிலை பெரிய வேலைக்காரன் மாதிரி நடக்கிறவர்!"

"பாவம், அவரை ஒண்டும் சொல்லாதையும்."

நான் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. புதுப் பொயிலர்தான். அன்ரன்தான் பூட்டினவர். பாவம்தான். உண்மையை இப்படியும் அடுக்கலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கைவந்த கலை மாதிரி அடுக்கினேன்.

வியாழக்கிழமை செல்வரட்ணத்தின் கடையில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றேன். அன்ரன் வேலைச் சட்டையோடு உள்ளே வந்தார். செல்வரட்ணம் கல்லாவில் இருந்தபடி, "வாரும் அன்ரன். ஆராவது குடையை எடுங்கோ, மேலை ஒழுகப் போகுது!" என்றார்.

கடையே சிரித்தது. அன்ரனும் சிரித்தார். சிரிக்காவிட்டால் இன்னும் கேலி செய்வார்கள் என்று தெரிந்த சிரிப்பு. அரிசிமாப் பக்கெற்றோடு திரும்பியபோது என்னைக் கண்டார்.

"அக்கா, சுகமே?"

"சுகம் தம்பி."

"சனிக்கிழமை மாதாவைக் கொண்டு வருவியள் தானே?"

"ஓம்."

அவ்வளவுதான். முருங்கைக்காயை வைத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் மாதா சுரூபம் மேசையில் இருந்தது. அந்தக் கிழமை முழுவதும் நான் அதற்கு முன்னால் நேராக நிற்கவில்லை. பூவை மாற்றினாலும் பக்கவாட்டில் நின்றுதான் மாற்றினேன்.

சனிக்கிழமை காரில் இவர் ஓட்ட, நான் சுரூபத்தை மடியில் வைத்திருந்தேன்.

"இண்டைக்கு நீர் சொல்லும். இல்லாட்டி நான் சொல்லுவன்," என்றார் இவர்.

"பேந்து தனியக் கூப்பிட்டு மன்னிப்புக் கேக்கிறன்."

"ஆரட்டை? அவருக்கெல்லோ முன்னமே தெரியும். தெரியாதவைக்குச் சொல்லும்."

"ரோட்டைப் பாத்து ஓடுங்கோ."

அன்ரனின் மனைவி சுஜீவா வாசலில் நின்று மாதாவை வாங்கினாள். என்னிடமிருந்து வாங்கும்போது அவள் கண் சுரூபத்தை விட்டு மேலே வரவில்லை. போன கிழமை முப்பது பேர், அன்றைக்குப் பதினேழு. கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரைகள் வரைக்கும் கொண்டுவந்து அடுக்கியிருந்தாள். பாதி வெறுமையாய்க் கிடந்தது.

செபமாலை முடிந்து மன்றாட்டு. எங்கள் வழக்கத்தில் ஒவ்வொருவரும் ஒரு வேண்டுதலைச் சொல்ல, மற்றவர்கள் எல்லோரும் ஒரே பதில் சொல்வார்கள். ஒருவர் மகளின் பரீட்சைக்கு வேண்டினார். பிறேமா முழங்கால் நோவுக்கு வேண்டினாள். என் முறை வந்தது.

"அன்ரன் தம்பியின் வேலைக்காக ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்," என்றேன்.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

எல்லோரும் சொன்னார்கள். சுஜீவாவும் சொன்னாள். அன்ரனின் வாய் மட்டும் அசையவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், அன்றைக்கு நான் பார்த்த மாதிரி. நான் அவருக்காக வேண்டினேன் என்று எல்லோரும் என்னை நல்லவளாக நினைத்துக்கொண்டிருந்த அந்த ஒரு கணத்தை என்னால் தாங்க ஏலவில்லை.

அடுத்தவர் வாய் திறந்தார்.

"எனக்கு இன்னும் இருக்கு," என்றேன். "அன்ரன் பூட்டின பொயிலரிலை ஒரு பிழையும் இல்லை. நான்தான் அந்தக் குழாயை மெழுகுதிரியாலை அடைச்சனான். நீங்கள் வந்து நிக்கேக்கை சொட்டுற சத்தம் கேக்கக் கூடாதெண்டு அடைச்சனான். நீங்கள் போன பிறகும் எடுக்கேல்லை. அவர் அதைக் கண்டவர். கண்டும் என்னைக் காட்டிக் குடுக்காமல் பழியைத் தான் ஏத்துக்கொண்டவர். நான் பக்கத்திலை நிண்டு கோப்பி வேணுமோ எண்டு கேட்டனான்."

ஊசி விழுந்தால் கேட்கும்.

அந்த அமைதிக்குள், காது கேளாத என் மனிதர், நான் ஏதோ நீண்ட வேண்டுதல் சொல்லி முடித்துவிட்டேன் என்று நினைத்து, தனியே, உரத்த குரலில் சொன்னார்: "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

ஒருவரும் சிரிக்கவில்லை.

"என்ன அக்கா சொல்லுறியள்?" என்றாள் பிறேமா. "அப்ப நாங்கள் இருக்கேக்கை அது அடைச்சபடியோ?"

"ஓம்."

"வெடிச்சிருந்தால்?"

அன்ரன்தான் பதில் சொன்னார். "அதுக்கு வேறை பாதுகாப்பும் இருக்கு அக்கா. ஆனால் தண்ணிக்குப் போக வழி இல்லாட்டி அது எங்கை பலவீனமோ அங்கை போகும். இந்த முறை கீழ்வீட்டுக்குப் போச்சு."

சுஜீவா என் பக்கம் திரும்பினாள். "ஒரு கிழமை அக்கா. இந்த மனிசன் ஒரு கிழமை நித்திரை கொள்ளேல்லை. எனக்குக்கூடச் சொல்லேல்லை. பிழை விட்டிட்டன் எண்டுதான் எனக்கும் சொன்னவர்."

"மன்னிச்சுக்கொள்ளும் பிள்ளை."

"இப்ப ஏலாது அக்கா," என்றாள். "தேத்தண்ணி குடியுங்கோ. மன்னிக்கிறது பிறகு பாப்பம்."

அந்தத் தேநீரைக் குடித்தேன். அதைவிடக் கசப்பாக எதையும் குடித்ததில்லை. சீனி போட்டுத்தான் தந்தாள்.

போகும்போது அன்ரன் வாசலில் நின்றார். "அக்கா, மாதாவுக்குச் சொல்லிப்போட்டியள். மைஸ்ரருக்கு ஆர் சொல்லுறது?"

"நான் சொல்லுறன். அந்த மெழுகுதிரி உம்மட்டை இருக்கோ?"

வேலைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தார். எறியாமல் வைத்திருந்தார்.

காரில் இவர் கேட்டார், "கடைசிவரைக்கும் நீர் சொல்லேல்லை என்ன?"

"சொன்னன்."

"எப்ப?"

"நீங்கள் 'கேட்டருளும்' எண்டு கத்தினனீங்களே, அதுக்கு முன்னம்."

திங்கட்கிழமை தெர்மின், அதாவது சந்திக்க முன்கூட்டியே நேரம், எடுக்காமலே அந்த நிறுவனத்துக்குப் போனேன். மைஸ்ரரின் மேசையில், தாள்களுக்கு நடுவில், கைலேஞ்சியை விரித்து மெழுகுத் துண்டை வைத்தேன்.

"நான்தான் செய்தேன்," என்றேன். "அன்ரன் இல்லை."

அவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பினார். பொன்னெழுத்தை வாசித்தார். "கெவெலார்," என்றார். "இதைக் குழாய்க்குள்ளா?"

"ஆம்."

"ஏன்?"

ஏன் என்பதற்கு என்னிடம் ஜெர்மன் இருக்கவில்லை. மாதாவும் பிறேமாவும் கருவாட்டு மணமும் முழங்காலில் நின்று எண்ணிய ஆறு டக்கும் எந்த மொழியில் அந்த மனிதருக்கு விளங்கும்?

"விருந்தினர் வந்தார்கள்," என்றேன். "வெட்கமாக இருந்தது."

"தண்ணீர் சொட்டுவதற்கா?"

"ஆம்."

மெழுகைத் திரும்பக் கைலேஞ்சியில் வைத்தார். "அன்ரன் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறான்," என்றார். "அதையும் நான் யோசிக்க வேண்டும். இதை வீட்டு நிர்வாகத்துக்கு எழுதத்தான் போகிறேன், தெரியும்தானே?"

"எழுதுங்கள்."

எழுதினார். கடிதம் வந்தது. எழுப்பிவிடவில்லை, ஆனால் அந்தக் கடிதத்தை ஃபிரௌ ஹான்ஸ்கேயும் வாசித்திருக்கிறார். இப்போது படியில் கண்டால் வணக்கம் சொல்வார், முன்னைப்போல் நின்று கதைக்க மாட்டார். செல்வரட்ணத்தின் கடையில் குடைப் பகிடி என் பக்கம் திரும்பிவிட்டது. மெழுகுதிரி விற்கிற தட்டைக் காட்டி, "அக்கா, பைப் அளவு கொண்டு வந்தனீங்களே?" என்பார். சிரிப்பேன். அன்ரன் ஏன் அன்றைக்குச் சிரித்தார் என்று அந்த நேரத்தில் தெரியும்.

வான் நவம்பரில் வரவில்லை. மார்கழி பாதியில்தான் வந்தது. வந்த கிழமையே அன்ரன் அதை எங்கள் வாசலில் நிறுத்தி, வால்வைச் சரிபார்க்க ஏறி வந்தார். சிவப்புத் திருகியைத் திருப்பினார், ஓடவிட்டார், பூட்டினார்.

"அக்கா, சத்தம்தான் பிரச்சினை எண்டால் அண்டைக்கே என்னைக் கேட்டிருக்கலாமே. இந்தக் குழாயைக் கொஞ்சம் சரிச்சு, புனலின்ரை பக்கச் சுவரிலை துளி படுற மாதிரி விட்டால் வழுக்கிக்கொண்டு இறங்கும். சத்தமே வராது. இரண்டு நிமிச வேலை. செய்துவிடட்டே?"

இரண்டு நிமிட வேலை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"வேண்டாம் தம்பி," என்றேன். "கேக்கட்டும்."

"ஆக்கள் வரேக்கை?"

"வரேக்கையும் கேக்கட்டும்."

அவர் கருவிகளை எடுத்து வைத்தார். பொயிலர் சூடேறத் தொடங்கியது. டக். டக்.

"சொட்டுதோ?" என்று கேட்டபடி இவர் கதவடியில் வந்து நின்றார். "எனக்கொண்டும் கேக்கேல்லை."